பாலம் தாண்டும் தேதி

செப்டம்பர் 12

நான் பிப்போன், அதாவது ஊர்த்தலைவன், ஆகி ஆறு மாதம். இன்று ஊர்க்கூட்டம். வீட்டுக்கு ஒருவர் வந்தே ஆகவேண்டும். வராத வீட்டுக்கு ஒரு கட்டு விறகு அபராதம். மேல் புல்வெளியிலிருந்து மாடுகள் இறங்கத் தேதி வைத்தோம். வழக்கமாக அக்டோபர் முதல் வாரம். நான் அக்டோபர் இருபது என்றேன். உருளைக்கிழங்கு தோண்டி முடியுமுன் ஒரு மாடும் பாலம் தாண்டக்கூடாது. டோப்கேயைப் பார்த்துத்தான் சொன்னேன். போன வருடம் அவன் மாடுகள் முன்னதாக இறங்கி என் முள்ளங்கியை மேய்ந்தன.

"பிப்போன் மாட்டுக்கும் அதே தேதிதானே?" என்றான்.

அதே தேதிதான் என்றேன். வீட்டில் மனைவி யாங்கித் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மேல நம்ம பொண்ணும் மாட்டோட இருக்கா, நெனப்பிருக்கா?" மகள் நோர்தோனுக்குப் பிரசவம் அக்டோபர் கடைசியில்தான். இருபதில் இறங்கினால் போதும்.

செப்டம்பர் 20

மாவட்டத்திலிருந்து படிவம். ஊரின் நிலம், வரலாறு, தொழில் பற்றி எழுதித் தரவேண்டுமாம். எழுதினேன். நிலம்: செங்குத்து. வரலாறு: தாத்தா கம்பளி வாங்கத் திபெத்துக்குப் போனார், எல்லையை அடைத்தார்கள், அப்பா உருளைக்கிழங்கு போட்டார். ராஜா போனார், டில்லி வந்தது. மாடு இறங்கும் தேதியை இன்னும் நாங்களே வைக்கிறோம். தொழில்: உருளைக்கிழங்கு, மாடு, மே மாதத்தில் சுற்றிப்பார்க்க வரும் கல்கத்தாக்காரர்கள்.

அக்டோபர் 4

மேலே பனி. இவ்வளவு சீக்கிரம் விழுந்ததில்லை.

அக்டோபர் 6

ராணுவ லாரி ஓட்டுநர் நோர்தோனின் சேதி கொண்டுவந்தார். "வலி மாதிரி இருக்கு. புல்லெல்லாம் மூடிப்போச்சு. மாட்ட விட்டுட்டு வரமாட்டேன், எட்டும் செத்துப்போகும்." யாரிடமிருந்து வந்ததோ இந்தப் பிடிவாதம். மருமகன் காங்டாக்கில் டாக்சி ஓட்டுகிறான். வழியில் மண் சரிந்து கிடக்கிறது, அவனால் வர முடியாது.

நான் போய் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் இறங்கட்டும் என்றேன். "புல்லே இல்லாத எடத்துல பாத்து என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் யாங்கித்.

தேதியை மாற்றக் கூட்டம் கூட்டலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பேன்? மூஞ்சி பெரிசா, பெத்த பொண்ணு பெரிசா? பயமா இருக்கு. அவ்வளவுதான்.

அக்டோபர் 7

கேட்டேன். ஊரே டோப்கேயைப் பார்த்தது. அவன் மெதுவாக எழுந்தான்.

"தேதிய மாத்தவேணாம். தேதி எதுக்கு வெச்சோம்? வயல் காலியாகறதுக்கு. காலி பண்ணிட்டாப் போச்சு. மொதல்ல பிப்போன் வயல். அவருக்குத்தான் முள்ளங்கி மேல உசிரு."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எல்லோரும் சரி என்றார்கள்.

அக்டோபர் 8

தோண்டினோம்.

அக்டோபர் 9

தோண்டினோம். என் வயலில் டோப்கே, அவன் வயலில் நான். முதுகு விட்டுப்போயிற்று.

அக்டோபர் 10

மதியம் கடைசி வயலும் முடிந்தது. டோப்கே கோவேறு கழுதையோடு மேலே கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். "நாளைக்குப் பாலம் தொறக்கற கூட்டம். பிப்போன் இல்லாம எப்படி?" என்று போய்விட்டான்.

அக்டோபர் 11

கூட்டத்துக்கு நானும் போகவில்லை, யாங்கித்தும் போகவில்லை. காலையிலிருந்து பாலத்தில் நின்றேன். பத்து மணிக்கு முதல் மணியோசை கேட்டது. எட்டு மாடு, எண்ணிக்கொண்டேன். பின்னால் கோவேறு கழுதைமேல் நோர்தோன், முகம் வெளுத்திருந்தது. டோப்கே கடைசியாக வந்தான். குழந்தை அவன் கோட்டுக்குள் இருந்தது.

"வழியிலேயே பொறந்துடுச்சு. கன்னுக்குட்டிக்குப் பிரசவம் பாத்த கைதான், ஒண்ணும் ஆகல," என்றான்.

பெண் குழந்தை. பாலத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாடுகள் தாண்டிப் போயின.

அக்டோபர் 12

நேற்றைய கூட்டத்துக்கு வராத வீடுகள் இரண்டு: டோப்கே வீடு, என் வீடு. ஆளுக்கு ஒரு கட்டு விறகு. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னுடையதைக் கூட்ட வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன்.

டோப்கே தன் கட்டை என் வாசலில் போட்டான். "பிள்ள பெத்தவ வீட்டுக்குத்தான் சூடு வேணும்," என்றான்.

சட்டப்படி தவறு. வாங்கி அடுப்பில் வைத்தேன்.