என் பெயரில் வந்த கேள்வியும் உன் பெயரில் வந்த கேள்வியும்

என் பிரியமான எதிரி ஆரோக்கியம் மாப்ளே,

நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வேறு ஒன்றும் இல்லை, கோபம்தான். செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல் ஒரு கூட்டாளி வாய்த்திருக்க மாட்டான்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் தலைவர் இன்னமும் காலேஜ் மாணவனாகத்தான் நடிக்கிறார். புதுக் கதாநாயகி என் மகளைவிட நாலு வயதுதான் மூத்தவள். பேனர் வரைகிற ஆளெல்லாம் போய் இப்போது பிளெக்ஸ். அதில் மன்றத்துப் பையன்களின் முகம் தலைவர் முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் ஏணி போட்டு ஏறிக் கிழித்திருப்பாய். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், லேமினேஷனும் உண்டு. பத்தாவதைத் தாண்டாத என் கையால்தான் திண்டுக்கல் பட்டதாரிகளின் சான்றிதழெல்லாம் நகலாகிறது. இதைவிட ஒருவன் படிப்பைப் பழிவாங்க முடியுமா?

நம் சங்கதிக்கு வருகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும், அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. உனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தோல் கம்பெனியில் வேலை முடிந்து நீ வந்து குளித்ததும் நான் உன் வாசலில் நின்று சைக்கிள் மணி அடிப்பேன். ஓடி வந்து பின்னால் ஏறிக்கொள்வாய். உனக்குச் சினிமாப் பைத்தியம், எனக்குக் காமிக்ஸ் பைத்தியம். நீ திரையைப் பார்த்து விசிலடிப்பாய். நான் இடைவேளை விளக்கில் முகமூடி வீரர்களின் கதையைப் புரட்டிக்கொண்டிருப்பேன். என் பெண் பார்க்கும் படலங்களுக்கும் அம்மாவோடு நீதான் வருவாய். பஜ்ஜியில் பாதி உனக்கு. பதினொரு பெண்கள், பதினொரு தட்டு பஜ்ஜி, ஒன்றும் அமையவில்லை.

பன்னிரண்டாவதாக நிலக்கோட்டைப் பெண். மல்லிகைத் தோட்டக்காரர் மகள். காபி கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேறு யாரையோ பார்த்துச் சிரித்தாளோ என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்; சுவர்தான் இருந்தது. எனக்காகத்தான் சிரித்திருக்கிறாள்! பெண் வீட்டார் சம்மதமும் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் நாம் விடாமல் வாங்குகிற சினிமாப் பத்திரிகையில், நடிகை பதில் சொல்லும் பக்கத்தில், இது வந்தது:

“ஆர். முருகேசன், நாகல்நகர், திண்டுக்கல்: எனக்கு இருபத்தொன்பது வயது. பதினொரு பெண் பார்த்தும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. நீங்கள் சம்மதிப்பீர்களா? சுமாராகச் சமைப்பேன்.”

பதில்: “அந்தப் பதினொரு பேருக்கும் என் பாராட்டுகள்.”

பெண்ணின் அண்ணன் அதை சலூனில் படித்திருக்கிறான். தரகர் வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: “நடிகையே வேணாம்னுட்டாளாம்ல, நாங்க மட்டும் இளிச்சவாயங்களான்னு கேக்குறாங்க தம்பி.”

நேராக உன்னிடம் வந்தேன். “ஏலே, இது நீதான? பதினொண்ணுன்னு எண்ணி வச்சிருக்கவன் உன்னத் தவிர ஊருக்குள்ள எவன்லே?”

நீ பத்திரிகையை வாங்கி இரண்டு தரம் படித்தாய். இல்லை என்று சொல்லவில்லை. “பதில் நல்லாருக்குல்ல மச்சான்?” என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் சபதம் எடுத்தேன். முகமூடி வீரர்கள் முப்பத்திரண்டு பக்கத்தில் பழிவாங்கி முடித்துவிடுகிறார்கள். எனக்கு எட்டு வருடம் ஆயிற்று. இதற்கிடையில் எனக்குச் செம்பட்டியிலிருந்து சரசு வந்துசேர்ந்தாள், ஒரு மகளும் பிறந்தாள். ஆனாலும் நெருப்பு அணையவில்லை.

கொடைரோடு ஸ்டேஷன் நினைவிருக்கிறதா? தலைவர் ரயிலில் வந்து இறங்கி மலைக்கு ஷூட்டிங் போகிறார் என்று ரகசியம் போல உன் காதில் ஓதினேன். கம்பெனிக்கு லீவு போட்டு, ரோஜா மாலையோடு காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தாயாம். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன், உன் முகம் தொங்குவதைப் பார்க்க. நீ இறங்கி வந்து அந்த வாடிய மாலையை அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் கழுத்தில் போட்டு, “தலைவர் வரல மச்சான். உனக்காவது போடுவோம்” என்றாய். ஜனங்கள் கைதட்டினார்கள். பழிவாங்கப் போனவன் மாலையோடு வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகுதான் முள்ளை முள்ளாலேயே எடுக்க முடிவு செய்தேன்.

மன்றத்தில் உனக்கு ஒரு கௌரவம் இருந்தது. வீட்டுப் பேச்சை எவன் எடுத்தாலும் “வந்துட்டான்டா முந்தானை” என்று கேலி செய்து விரட்டுவாய். பெண்டாட்டி பெயரை நீ வெளியில் உச்சரித்து ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கௌரவத்தைத்தான் குறிவைத்தேன். உன் பெயரில் ஒரு கார்டு எழுதி அதே பத்திரிகைக்குப் போட்டேன். அது அச்சில் வந்ததும் டீக்கடையில் உரக்கப் படித்து உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும். அதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பழகினேன் என்றால் என் யோக்கியதையைப் பார்த்துக்கொள்.

கார்டு போட்டு வாரங்கள் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கார்டு என் நினைவிலேயே இல்லை. மூன்றாவது வாரம் கடையில் பத்திரிகையைப் புரட்டினால் இது இருக்கிறது:

“எஸ். ஆரோக்கியம், திண்டுக்கல்: உங்கள் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டேன். என் மனைவி ராணி பக்கத்தில் நின்றால் உங்கள் அழகு ஒன்றுமே இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?”

பதில்: “ஒப்புக்கொள்கிறேன். இதை ராணியிடம் நேரில் சொல்லிவிட்டீர்களா?”

பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒன்பது பிரதிகளையும் வாங்கி வந்து பரணில் ஒளித்தேன். ஆனால் சலூனுக்குப் போன ஒரு பிரதியை மறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் எல்லாம் சலூன் வழியாகத்தான் கெடுகிறது. சாயங்காலத்துக்குள் அது ராணி கைக்குப் போய்விட்டது.

அவள் அழுதாள் என்றார்கள். வெட்டி எடுத்து உன் படத்துக்குக் கீழே ஒட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் “சாகறதுக்கு முன்னாடி எழுதிப் போட்டிருக்காரு” என்று காட்டினாள். நானும் பார்த்தேன், தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

தண்டனை அப்போதுதான் தொடங்கியது மாப்ளே. ஒன்பது வருடமாக என் வீட்டில் உத்தம புருஷன் என்றால் அது நீதான். என்ன சண்டை வந்தாலும் சரசு அங்கே வந்துதான் நிற்பாள். “ஆரோக்கியண்ணே எப்பேர்ப்பட்ட வார்த்த எழுதினாரு! நீங்க எனக்கு என்னத்த எழுதினீங்க? கேஸ் புக் பண்ணுன நம்பரா?” நான் எழுதிய வரியை வைத்தே என்னை அடிப்பாள். வாயைத் திறக்க முடியாமல் சோற்றைப் பிசைவேன். வெஞ்சனத்தில் உப்பில்லை என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது.

போன மாதம் ராணியும் ஸ்டெல்லாவும் கடைக்கு வந்தார்கள். உன் மகளுக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. உன்னைப் போலவே நெற்றி, நல்லவேளையாக ராணியின் மூக்கு.

“மாமா, இதப் பெருசா கலர்ல எடுத்து லேமினேட் போட்டுக் குடுங்க. ஹாஸ்டல்ல கட்டில் பக்கத்துல மாட்டப் போறேன். அப்பா கடைசியா எழுதுனதுல்ல?” என்று அந்தத் துண்டை நீட்டினாள்.

பழுத்த தாளைக் கண்ணாடி மேல் வைத்தேன். பொத்தானை அமுக்க விரல் போகவில்லை. பாவத்துக்குப் பயந்தேன் என்று நினைக்காதே. எரிச்சல்தான். இனிமேல் மதுரை வரைக்கும் உன் புகழ் பரவப் போகிறது, நான் இங்கே உப்பில்லாத வெஞ்சனம் தின்றுகொண்டிருக்க வேண்டும்! ஸ்டெல்லாவை எதிர்க்கடையில் ஹாஸ்டலுக்கு பக்கெட் வாங்க அனுப்பிவிட்டு ராணியிடம் உடைத்துச் சொன்னேன்.

“இத எழுதுனது அவன் இல்ல தாயி. நாந்தான். அவன அசிங்கப்படுத்த எழுதினேன்.”

அவள் குனிந்து துண்டைப் பார்த்தாள். பிறகு, “என் மனைவி ராணின்னு இருக்கே, அதுவுமா?” என்றாள்.

“அதுவும்தான்.”

துண்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்தாள். “ஸ்டெல்லா பொறந்த அன்னைக்கு அவரு எங்கண்ணே இருந்தாரு? முதல் ஷோவுல, உங்க பக்கத்து சீட்டுல. அதயெல்லாம் இந்த ரெண்டு வரிக்காகத்தான மன்னிச்சேன். இப்ப நான் எத வச்சு மன்னிக்க?”

அந்த நிமிடம் உன்னைப் பழிவாங்கி முடித்துவிட்டேன் மாப்ளே, முழுசாக. எட்டு வருடம் ஆசைப்பட்டது கையில் கிடைத்தபோது வாயெல்லாம் கசந்தது.

“அம்புட்டு ஆத்திரம் அவர் மேல எதுக்கு?” என்று கேட்டாள். நிலக்கோட்டைப் பெண்ணையும், பதினொரு பெண் கேள்வியையும் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. “அண்ணே, அது அவரு எழுதல. நான் எழுதினேன்.”

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“நாலு மாசக் கல்யாணப் பொண்ண உக்கார வச்சுட்டு தெனம் வாசல்ல வந்து மணி அடிப்பீங்களே. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இந்த ஆளுக்கு ஒரு கல்யாணம் ஆனா நம்ம வீட்டு ஆள விட்டுருவாருன்னு பாத்தா, அதுவும் ஆவேனாங்குது. அந்தக் கடுப்புல எழுதிப் போட்டேன். பதினொண்ணுன்னு அவருதான் தெனம் சொல்லிச் சிரிப்பாரே. வந்த சம்பந்தமே முறியும்னு கண்டேனா?”

“அவனுக்குத் தெரியுமா?”

“நீங்க வந்து கத்திட்டுப் போனீங்கள்ல, அப்பவே சொல்லிட்டேன். அழுதேன். நானே போயி அண்ணன் கால்ல விழுந்துடுறேன்னேன். அதுக்கு அவரு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “‘நீ வாயத் தொறக்காத ராணி. என்னய நாலு அடி அடிச்சாலும் முருகேசன் நாலு நாள்ல மறந்துருவான். உன்ன அவன் ஒரு வார்த்த சொல்லிட்டான்னா, என்னால காலத்துக்கும் மறக்க முடியாது’ன்னாரு.”

எத்தனை வருடமாக அவளிடமே இருந்திருக்கிறது அந்தப் பேச்சு! அதை விட்டுவிட்டு நான் கிறுக்கிய குப்பைக்குப் பூ வைத்திருக்கிறாள்.

ஸ்டெல்லா பச்சை பக்கெட்டோடு வந்தாள். ராணி என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, நீ சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தன் கையால் எழுதினாள். “அப்பா சொன்னது இதுதான்டி. பஸ்ஸுல வச்சு மத்ததச் சொல்றேன்” என்றாள். அதைத்தான் லேமினேட் போட்டுக் கொடுத்தேன். மதுரை ஹாஸ்டலில் இப்போது தொங்குவது அதுதான். இதையெல்லாம் வெளியில் எழுதலாமா என்று ராணியிடம் கேட்டேன். “பேரோடயே எழுதுங்கண்ணே” என்றாள்.

பத்திரிகைத் துண்டை என்னிடமே தந்துவிட்டாள். வெற்றியோடு அதைச் சரசுவிடம் நீட்டி உண்மையைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்ல மனுசன் செத்தும் போய்ட்டாரு, அவரு எழுதுனதையும் பிடுங்கிக்கணுமா உங்களுக்கு?” மகளும் சேர்ந்துகொண்டாள்: “அப்பா, உங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வராதுப்பா.” ராணியே வந்து சொன்ன பிறகும், என் மானத்தைக் காப்பாற்ற நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம் என்றுதான் என் வீட்டில் தீர்ப்பு. ஆக, மறுபடியும் நீயே ஜெயித்தாய்.

ஆனால் ஒரு கணக்கில் நீ தோற்றுவிட்டாய் மாப்ளே. என் தங்கச்சி ராணிக்காகப் பழியைச் சுமந்தாய், மாலை போட்டாய், எட்டு வருடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தாய், ஒரு வார்த்தை விடாமலே போய்ச் சேர்ந்தாய். இந்தத் திருட்டுத்தனத்துக்கு உன்னை விடுவேன் என்று நினைக்காதே. முருகேசன் நாலு நாளில் மறந்துவிடுவான் என்று அவளிடம் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாயே. நீ போயே ஒன்பது வருடம் ஆகிவிட்டது. தினமும் நினைக்கிறேன். உன்னைப் பொய்யனாக்க வேண்டும் என்பதற்காகவே, சாகிறவரை மறக்க மாட்டேன்.

உன் ராணிக்கு அண்ணன் என்பதால் உனக்கு மச்சான்,
முருகேசன்
நாகல்நகர், திண்டுக்கல்