லோரியிலிருந்து இறங்கிய கால்கள்

காஜா பேராங்,
மலாக்கா.
14-10-1957

அன்புள்ள மல்லிகா அக்காவுக்கு,

தங்கை வேணி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், சிவப்பி எல்லோரும் இருக்கிறோம். சிவப்பி இந்த மாதம் பால் குறைத்துவிட்டாள். நீயும் அத்தானும் கிள்ளானில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். "கேஸை விசாரித்த துரையே சீமைக்குப் போய்விட்டார், நாடும் நம்முடையதாகிவிட்டது, இனிப் பழசை விட்டுவிடுங்கள்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடம். அப்பா இப்போதும் காலையில் எழுந்ததும் இரண்டு செருப்பையும் தேடுகிறார். வலது செருப்பை அம்மா தூக்கிப்போடப் போனால் கத்துகிறார். இதை நீ நேரில் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டாய்.

முதல் விசாரணைக்கு நீ வரவில்லை. அதனால் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் சைக்கிளை இடித்து அவர் வலது காலைப் பறித்தபோது லோரியை ஓட்டியது கருணாகரன் முதலாளிதான் என்று கூண்டில் நின்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. துரை மூன்று தடவை உரக்கப் பேசச் சொன்னார். முதலாளியின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரருக்கு லோரி ஓட்டவே தெரியாது, ஓட்டியது டிரைவர் தம்பிராஜா, சைக்கிள்தான் குறுக்கே வந்தது, அந்தத் தம்பிராஜாவே வந்து சொல்வார் என்றார். பிறகு என்னைப் பார்த்து, எப்போதும் தலையைக் குனிந்துகொண்டே நிற்கும் பெண் ஓட்டியவர் முகத்தை எப்படிப் பார்த்தாள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிதான் அதிகமாகச் சிரித்தார். நான் இன்னும் கீழே குனிந்துகொண்டேன். கேஸைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் துரை கப்பலேறிவிட்டார்.

தம்பிராஜா என்று அத்தான் பெயரை வக்கீல் சொன்னதும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பொய் சொல்றான். மாப்பிள்ளை அன்னைக்குக் காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தாரு. அவரே வந்து இவன் மூஞ்சியில கரி பூசுவாரு பாரு" என்றார். அதையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

துரை போனது தெரிந்ததும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பிக் கடையில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்து, "வெள்ளைக்காரன் ராஜாங்கமே போயிடுச்சு, அவன் வெச்ச கேஸு மட்டும் இங்க உக்காந்திருக்குமா? எல்லாம் அவன் கைப்பட எழுதினது. கையே போயிடுச்சு!" என்றாராம். வக்கீலிடம்கூட அவர் கேட்கவில்லை.

எனக்கு அப்போதே விஷயம் தெரியும். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ராஜரத்தினம் ஐயா வீட்டுக்கு நான்தானே பால் ஊற்றுகிறேன். அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சில், "துரை போனால் வழக்கும் கப்பலேறிப் போகுமோ பிள்ளை? புது ஆள் வருமட்டும் சிரம்பான் மாஜிஸ்திரேட் வந்து துரையின்ரை வழக்கெல்லாம் பார்ப்பார். இவர் முந்தின சாட்சியைக் கேட்கேல்லைத்தானே, அதாலை எல்லாம் திரும்ப முதலிலை இருந்து" என்று சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் பேசாத பெண் என்றுதான் ஊருக்கே தெரியுமே.

ஆயுத பூசையன்று அம்மாவோடு ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு லோரிப் பக்கமே போகாமல் நடந்து திரிந்த முதலாளி, மாலை போட்ட லோரியைத் தானே ஓட்டிவந்தார். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி நிறுத்திவிட்டு, மேலேயிருந்து என்னைப் பார்த்து, "என்னம்மா ஊமச்சி, ஒன் தொரைக்கு டாட்டா காட்டினியா?" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். நான் வழக்கம்போலக் குனிந்துகொண்டேன்.

அக்கா, அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பக்கத்துப் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தெருமுனையில் போலீஸ் உடுப்போடு மாத்தா ஷம்சுதீன் நின்றிருந்தார். நான் அவரிடம் போய், லோரி வழியை மறைக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வந்து, தெரு முடியும்வரை பின்னாலேயே எடுக்கச் சொன்னார். யாராவது இறங்கி வழி காட்டட்டும், குறுகலான தெரு என்றும் சொன்னார். அதற்கு முதலாளி, "இந்தத் தெருவுல கண்ண மூடிக்கிட்டே எடுப்பேன் பாய்! இருவது வருசமா லோரி ஓட்டுறவன்கிட்டயா சொல்றீங்க?" என்று ஊரே கேட்கக் கத்திவிட்டு, ஒரு பூக்கூடையைக்கூட இடிக்காமல் முழுத் தெருவும் பின்னால் எடுத்துக் காட்டினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாளே அம்மாவோடு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். இப்போது மாத்தா ஷம்சுதீனும் சாட்சி. இருபத்து மூன்றாம் தேதி விசாரணை என்று முதலாளிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. அவர் மறுபடி நடந்துதான் போகிறார். நம் வீட்டைத் தாண்டும்போது வேகமாகப் போகிறார். நான் வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்க்கிறேன். இன்னும் எத்தனை நாள் வெளியில் நடப்பார் என்று பார்க்கிறேன்.

இந்த முறை என் குரல் கேட்கும். தினமும் மாட்டுக் கொட்டகையில் சிவப்பியிடம் உரக்கச் சொல்லிப் பழகுகிறேன். முகத்தை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டால், முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தேன் என்பேன். ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து வெள்ளைச் சப்பாத்து இறங்கியது. ஊரில் அப்படிச் சப்பாத்து போடுகிறவர் ஒருவர்தான்.

மறுபக்கத்திலிருந்தும் இரண்டு கால்கள் இறங்கின, அக்கா. இதை நான் போலீசிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ரப்பர் சிலிப்பர். இடது வார் அறுந்து செம்புக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அந்தக் கம்பியை முறுக்கிக் கட்டிக் கொடுத்தவள் நான். அந்தக் கால்கள் அப்பாவின் தலைமாடுவரை வந்தன. கொஞ்சம் நின்றன. பிறகு திரும்பிப் போய் ஏறிக்கொண்டன. அடுத்த வாரம் நீங்கள் கிள்ளானுக்குப் புறப்பட்டபோது அத்தான் காலில் புதுச் சப்பாத்து இருந்தது. பழைய சிலிப்பர் எங்கே என்று நான் உன்னைக் கேட்டேன். நீ திரும்பிப் பெட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாய்.

அத்தான் வரட்டும். யார் ஓட்டினார் என்று அவர் வாயால் சொல்லட்டும். அவர் சொல்லிவிட்டால், மற்றதை அப்பாவிடம் எப்போது சொல்வது என்று நீயும் நானும் பேசிக்கொள்ளலாம். அவர் வேறு மாதிரி சொல்வதாக இருந்தால், இது உனக்குத் தெரிந்திருக்கட்டும்: என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். நான் பார்த்தது நான்கு கால்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வரும்போது அப்பாவுக்கு ஒரு நல்ல ஊன்றுகோல் வாங்கி வா. இங்கே கிடைப்பது உயரம் போதவில்லை.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அப்பா, "மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தையும் எழுது. அவரைத்தான் மலைபோல நம்பியிருக்கேன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
கமலவேணி