லிஸ்பனில் ஒரு தவறான வரிசை

செப்டம்பர் 9, செவ்வாய்

பயணத் திட்டத்தை நான்காவது தடவையாகத் தட்டச்சு செய்தேன். நான்கு நாள், மணிவாரியாக. எங்கள் தேவாலயத்தில் மணியடிக்கும் ஆறு பேரில் நாங்கள் நால்வர் ஆண்டுதோறும் வெயில் தேடி எங்காவது போவோம். இந்த ஆண்டு வில்ஃப், பெர்சி, நான் - மூவர்தான். பழக்கத்தில் நான்கு படி எடுத்துவிட்டேன். நான்காவதை இழுப்பறையில் வைத்தேன், ஓல்வெனுக்கு எழுதித் தபாலில் சேர்க்காத கடிதங்களின் மேல்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதியே விடுகிறேன். எங்களில் நான்காமவன் டெஸ்மண்ட் பிப்ரவரியில் இறந்துபோனான். மணியடிப்பவர் இறந்தால் அடக்கத்தன்று மணி நாக்குகளுக்குத் தோலுறை கட்டி, ஆளுக்கொரு கயிறாக, மங்கிய ஓசையில் ஆறு மணிகளையும் அடிப்போம். டெஸ்மண்டின் கயிற்றுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தார். ஆனாலும் ஐந்துதான் ஒலித்தன. என் கயிறு சும்மா தொங்கியது. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தப்பாக அடித்துவிட்டால்? எல்லோர் முன்னும் அழுதுவிட்டால்?

அவன் மனைவி ஓல்வெனை எதிர்கொள்ளப் பயந்து, அவர் வீடு இருக்கும் சந்தைத் தெருவைத் தவிர்த்து ஏழு மாதமாகச் சுற்றுவழியில் போகிறேன். எழுபத்தாறு வயதில்!

செப்டம்பர் 15, திங்கள். லிஸ்பன்

பெர்சி நாற்பது தேயிலைப் பைகளும் ஒரு மின்கெண்டியும் கொண்டுவந்திருக்கிறான். கெண்டியைச் செருகியதும் விடுதியின் மாடி முழுவதும் மின்சாரம் போயிற்று. கீழே இறங்கி மன்னிப்புக் கேட்டது யார்? நான்.

வில்ஃப் என் திட்டத்தை மடித்து விசிறியாக்கிக்கொண்டான். "ஏண்டா லெனர்ட், இதுல 'மூச்சு விட அஞ்சு நிமிஷம்'னு போட மறந்துட்டியே!"

செப்டம்பர் 16, செவ்வாய்

கோட்டைக்கு 10.15 என்று போட்டிருந்தேன். 12.40க்குப் போய்ச் சேர்ந்தோம். வில்ஃப் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தான். இவர்களோடு இனிமேல் தெருமுனைக்குக்கூட வரமாட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

இன்று மேட்டுத் தேவாலயத்தின் கோபுரம். போனபோது பக்கவாசலில் நீண்ட வரிசை. யாரையும் கேட்காமல் மூவரும் கடைசியில் போய் நின்றோம். வரிசையைக் கண்டால் நாங்கள் முதலில் நிற்போம். எதற்கு என்பதெல்லாம் பிறகு.

"இவ்ளோ பேர் நிக்கிறாங்கன்னா மேலேருந்து பாக்கப் பிரமாதமா இருக்கும்," என்றான் வில்ஃப். அரைக்கால் சட்டை, வைக்கோல் தொப்பி, கையில் ஐஸ்கிரீம்.

இருபது நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். எங்களைத் தவிர எல்லோரும் கறுப்பு உடை. வில்ஃபைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

"வில்ஃப், இது கோபுரத்துக்குப் போற வரிசை இல்லைன்னு நினைக்கிறேன்."

"இவ்ளோ நேரம் நின்னுட்டு இப்ப விட்டுட்டுப் போகச் சொல்றியா? பின்னாடி பாரு, பதினஞ்சு பேர்!"

விலகினால் எல்லோரும் பார்ப்பார்களே என்று நானும் நின்றேன். எனக்கு எதிலும் அப்படித்தான் - போகவும் பயம், விலகவும் பயம்.

உள்ளே குளிர்ந்திருந்தது. முன்னால் சவப்பெட்டி. பக்கத்தில் நாற்காலியில் ஒரு மூதாட்டி. ஒவ்வொருவராகக் குனிந்து அவர் கையைப் பிடித்து, ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

"ஐயோ கடவுளே," என்றான் பெர்சி. வில்ஃப் தொப்பியைக் கழற்றினான். உருகிய மீதி ஐஸ்கிரீமை எங்கே போடுவதென்று தெரியாமல் தொப்பிக்குள்ளேயே போட்டான். இருவரும் கை கொடுத்துவிட்டு ஓடாத குறையாக வெளியேறினார்கள்.

என் முறை. இறந்தவர் பெயர்கூடத் தெரியாது. அந்தக் கை மிகச் சிறியதாக, சூடாக இருந்தது. "வர வேண்டிய நாளில் நான் வரவில்லை. பயந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்," என்றேன், எங்கள் மொழியில். ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. இன்னொரு கையையும் என் கைமேல் வைத்தார். நான் அழுதேன். எல்லோர் முன்னும். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நின்றவர் எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

வெளியே வெயிலில் வில்ஃப் தொப்பியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன்: "டெஸ்மண்ட் அடக்கத்தன்னைக்கு எனக்குக் காய்ச்சலே இல்ல."

"தெரியும்," என்றான் வில்ஃப்.

"அன்னைக்கு சாயங்காலம் நீ ரொட்டி வாங்கிட்டுப் போனதை என் பொண்டாட்டி பாத்தாளே," என்றான் பெர்சி.

"அப்ப ஏண்டா இவ்ளோ நாளா ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தோம். உன் அட்டவணையில அதுக்கு ஏழு மாசம் போட்டிருந்தியா என்ன?" வில்ஃப் சிரிக்காமல் சொன்னான். பிறகு ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "அஞ்சு மணியோட அடிச்சோம்டா. அசிங்கமா இருந்துச்சு."

கோபுரம் ஏறவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வீடு. பெர்சியின் கெண்டி என் பெட்டியில் வந்திருக்கிறது. எப்படி?

செப்டம்பர் 21, ஞாயிறு

கடிதங்களை எடுத்துப் போகவில்லை. சந்தைத் தெரு வழியாகவே நடந்தேன். கதவைத் தட்டியதும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் ஓல்வென் திறந்துவிட்டார். இளைத்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன லெனர்ட், காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு," என்றேன்.

கதவை இன்னும் அகலத் திறந்தார்.