வெறுங்காணி

ஆலங்கரை,
வாகரை.
12.10.2023

அன்புள்ள தவரத்தினம் அண்ணனுக்கு,

நாகேஸ்வரி எழுதுகிறேன். கோசலை போன பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, அது என் பிழைதான். பள்ளிக்கூடத்தில் வேடர் பிள்ளையான எனக்குப் பக்கத்தில் இருக்கச் சம்மதித்தவள் அவள் ஒருத்திதான். இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பாரிஸ் ஒன்றியம் கட்டிய பிள்ளையார் கோயில் நிற்பது எங்கள் குமார தெய்வத்தின் இடத்தில். வருடத்துக்கு ஒருமுறை, ஆனியில், கம்பும் குழையும் வெட்டி அங்கே பந்தல் போடுவோம். சடங்கு முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுக்கே விட்டுவிடுவோம். ஒரு கல்கூட நட மாட்டோம். அதனால்தான் உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது வெறுங்காணி என்று நினைத்தார்கள்.

இப்போது சுற்றிவர மதில். வாசலில் ஒரு பலகை: "உரு ஆடுதல், வேறு சடங்குகள் செய்தல் தடை." போன வருடம் மதிலுக்கு வெளியே, றோட்டில் செய்து பார்த்தோம். லொறி வரவர விலகி நின்றோம். தெய்வம் வந்து ஆடிய பிள்ளையையும் இழுத்துப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். அவமானமாய்ப் போய்விட்டது, அண்ணன்.

எங்கள் சங்கத்தில் பேசித்தான் கேட்கிறேன். கோயிலை இடிக்க வேண்டாம். மேற்கு மதிலை எடுத்து, அந்தப் பக்கத்தை எங்களிடம் விடுங்கள். பலகையைக் கழற்றுங்கள். கேட்காமல் கட்டிவிட்டோம் என்று ஒன்றியம் ஒரு கடிதம் தர வேண்டும்.

மேற்கு மதிலில்தான் கோசலையின் பெயர் பதித்திருக்கிறது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
நாகேஸ்வரி


ஸ்தேன், பிரான்ஸ்
9.11.2023

தங்கச்சி நாகேஸ்வரிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. இரண்டு கிழமை மேசையில் கிடந்தது.

றெஸ்ரோரன்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம். மகள் தர்மிளா பொபினியில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். தமிழ் கேட்க வேண்டுமென்றால் ரயில் ஏறி கார் து நோர் ஸ்டேசனுக்குப் போய், அங்கிருந்து தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய்த் தெருவுக்கு நடப்பேன். தேவையில்லாமல் ஒரு பிடி வல்லாரை வாங்கிக்கொண்டு திரும்புவேன். கடைக்காரர் "என்னண்ணை, சுகமோ?" என்பார். சில நாட்களில் என்னிடம் பேசுவது அந்த ஒரு வாய்தான்.

கோசலை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கேட்டது இதுதான்: "எங்கட ஊர்ல என்ட பேர் ஒரு இடத்தில இருக்கணும்." அவளை இங்கே எரித்துவிட்டோம். மனிசியை நினைத்துப் போய் நிற்க எனக்கு ஒரு கல்லறை இல்லை. அந்த மதிலை உடை என்கிறீர்.

நாங்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. யுத்தம் முடிந்து, கோயில் இல்லாத ஊருக்கு ஒரு கோயில் வேண்டுமென்றுதான் கட்டினோம். அவளுடைய சிநேகிதி நீர் இப்படி எழுதுவீர் என்று நினைக்கவில்லை.

தவரத்தினம்


ஆலங்கரை
20.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களை நோகடித்துவிட்டேன். ஆனாலும் கேட்டதைத் திருப்பி எடுக்க மாட்டேன்.

"கோயில் இல்லாத ஊர்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். ஒரு கிழவி எழும்பி, "அப்ப நாம இவ்வளவு காலமும் ஆரைக் கும்பிட்ட?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் கோசலை தாய்க்குத் தெரியாமல் என்னோடு அந்தப் பந்தலுக்கு வந்தாள். சடங்கு நடந்த மூன்று நாளும் வந்தாள். அவளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அவள் கண்ணை மூடிய பிறகுதான் உங்கள் ஆட்கள் காணி பார்த்தார்கள். இருந்திருந்தால் அவளே மறித்திருப்பாள்.

நாகேஸ்வரி


ஸ்தேன்
3.3.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோசலை பந்தலுக்கு வந்த கதையை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் வேடரைப் பற்றிக் கதைத்த விதம் அவளுக்குத் தெரியும், அதுதான் காரணம்.

உம்முடைய இரண்டு கடிதங்களையும் தர்மிளாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வழக்கம்போலப் பிரெஞ்சில்தான் பேசினாள். "கட்டுறதுக்கு முதல் அந்தச் சனத்தைக் கேட்டீங்களா, அப்பா?" என்றாள்.

போன ஞாயிறு ஒன்றியக் கூட்டம். ரூ காயில் நான் வல்லாரை வாங்கும் மளிகைக்கடைக்காரர் பிருந்தாபன்தான் தலைவர். "அண்ணை, எங்கடை காணியை அரசாங்கம் பிடிக்குது எண்டு இஞ்சை றோட்டிலை நிண்டு கத்தினனாங்கள். எங்களைப் போய்க் காணி பிடிச்சவங்கள் எண்டு எழுதித் தரச் சொல்லிறியளோ?" என்றார்.

"ஓம் தம்பி. அரசாங்கக்காரரும் வெறுங்காணி எண்டுதான் சொன்னவங்கள்," என்றேன்.

சத்தம் எழும்பியது. வேடருக்குக் கோயில் கட்டிக் கொடுத்ததே பெரிய காரியம் என்றார் ஒருவர். கடைசியில் நான் எழுந்து, "அது என்ரை மனிசியின்ரை பேர் இருக்கிற மதில். நானே எடுக்கச் சொல்லிறன். பிறகு ஆருக்கு என்ன?" என்றேன். பதினொரு பேர் கை உயர்த்தினார்கள், ஒன்பது பேர் உயர்த்தவில்லை.

மன்னிப்புக் கடிதம் இதோடு வருகிறது. மேற்குப் பக்கம் உங்கள் சங்கத்துக்கு. இனி அந்த ஊரில் எதைச் செய்வதென்றாலும் உங்கள் சங்கத்தைக் கேட்டுத்தான் என்றும் எழுதியிருக்கிறோம்.

பிருந்தாபன் தலைவர் பதவியை விட்டுவிட்டார். இப்போது கடைக்குப் போனால் உள்ளே போய்விடுகிறார்.

ஆனிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒரு ஓரமாய் நின்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு பாய் கிடைக்குமா?

அன்புடன்,
தவரத்தினம்


ஆலங்கரை
22.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மதிலும் பலகையும் போய்விட்டன. உங்கள் ஒன்றியத்தின் கடிதத்தைக் கூட்டத்தில் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். சிலர், பாரிஸ்காரருக்கு இப்போதுதான் விடிந்ததா என்று சிரித்தார்கள். கோசலையின் பெயர்க்கல் கழற்றும்போது இரண்டாய்ப் போய்விட்டது. கவனமாய்த்தான் எடுத்தோம். மறைக்க மனம் வரவில்லை.

நீங்கள் வருவதைச் சங்கத்தில் கேட்டேன். இந்த வருடம் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு எங்கள் இடத்தில் செய்கிறோம், வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை, அண்ணன். நானும் வேண்டாம் என்றுதான் கை உயர்த்தினேன்.

நாகேஸ்வரி


ஸ்தேன்
14.5.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவும் செய்தேனே என்று வீட்டுக்குள்ளேயே நடந்தேன். இத்தனை காலத்தில் முதல் தரமாக உங்கள் சனத்தை ஒன்று கேட்டிருக்கிறேன். கேட்டால் இல்லை என்றும் பதில் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வரமாட்டேன். சடங்கு நாட்களில் போனும் எடுக்க மாட்டேன். படம் எதுவும் அனுப்ப வேண்டாம். எல்லாம் நல்லபடி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, மனம் வந்தால், முடிந்தது என்று ஒரு வரி போடும். போடாவிட்டாலும் முடிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வேன்.

ரூ காய்ப் பக்கம் இப்போது போவதில்லை. கதைக்க ஆளில்லாதவன் எழுதத் தொடங்கினால் கடிதம் நீண்டுகொண்டே போகும். இத்தோடு நிறுத்துகிறேன்.

தவரத்தினம்