ஏழு பூச்சுச் சிவப்பு

12 ஆகஸ்ட் 1952, செவ்வாய்

தேயிலை ஃபேக்டரிச் சுவரில் யாரோ சிவப்பில் 'வெள்ளையனே போ' என்று எழுதிவிட்டார்கள். காலையில் போலீஸ் சார்ஜன் எங்கள் தோட்ட லயத்தில் வீடு வீடாகச் சிவப்புப் பெயிண்ட் தேடினார். என் வீட்டில்தான் இருந்தது. நான் மரத்தில் செதுக்கிய பொம்மை ரேஸ் காருக்கு அடித்தது போக மீந்த பெயிண்ட்.

செல்லையாவும் நானும் கார்ப் பட்டறையில் சேர்ந்துதான் ஸ்பிரே அடிக்கப் பழகினோம். ஏழு பூச்சு அடித்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும் என்பது அவனுக்கும் தெரியும். என் பொம்மைக் காரும் அப்படி அடித்ததுதான். சுவரில் இருந்தது மட்டமான பெயிண்ட். காய்ந்து செங்கல் மாதிரி மங்கிக் கிடந்தது.

சார்ஜன் எங்கள் இருவரையும் சுவரருகே கூட்டிப்போய், அந்தப் பொம்மைக் காரைச் செல்லையா கையில் கொடுத்தார். "நீயும் பெயிண்ட் அடிக்கிற ஆளுதானே. ரெண்டும் ஒண்ணான்னு பார்த்துச் சொல்லு."

அவன் காரைத் தூக்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். "ஒரே பெயிண்ட்தான் சார்."

என் அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டார்கள். நாளை எட்டு மணிக்குத் தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அவசரகாலச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே உள்ளே தள்ளுகிறார்கள்; திரும்பி வருவேனா தெரியவில்லை.

பயத்தில் சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். மனசு ஆறவில்லை. காரில் அவன் முகம் அப்படியே தெரிந்தது. சுவரில் ஒன்றும் தெரியவில்லை. அவனும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.