வெள்ளச் சேதிக்கு முதல் கதவு

தென்காசி,
கார்த்திகை, 1959

சிரஞ்சீவி உச்சிமாகாளிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் தங்கச்சியும் முப்பிடாதியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அம்பாலா குளிரில் உன் உடம்பை நினைத்துத்தான் கவலை. லீவில் வந்ததும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாளை வெட்டாமல் திரும்பமாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அந்தக் கடுதாசியை அடுப்பில் போட்டேன். பட்டாளத்து வேலையைத் தொலைத்துவிட்டு நீ ஜெயிலுக்குப் போவாய், அவர் ஒரு நிமிஷத்தில் செத்துப்போவார். எனக்கு அது போதாது.

போன வருஷம் உன் அப்பா யானைப்பாலத்துக்குக் கீழே மாடு குளிப்பாட்டப் போன அன்றைக்கு, அருவியில் வெள்ளம் புரண்டு வருகிறது என்று குற்றாலத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. போலீஸ்காரர் ஆறு தன் பொறுப்பில்லை என்று பஞ்சாயத்துக்குச் சொல்லி, பஞ்சாயத்து இந்த இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி, இவர் "மேலயிருந்து உத்தரவு வரட்டும், பொறவு பாப்போம்" என்று சாப்பிட உட்கார்ந்தார். அதற்குள் உன் அப்பாவை ஆறு கொண்டுபோய்விட்டது.

இப்போது கலெக்டர் எல்லா ஆபீஸ்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் புது ஏற்பாடு செய்திருக்கிறார். யாரும் யாருக்கும் காத்திருக்கக் கூடாது, சேதி கிடைத்ததும் எல்லாரும் ஆற்றங்கரைக்கு வந்தாக வேண்டும். குற்றாலத்துப் போன் நம் இட்லிக்கடைக்கு அடுத்த பரீது பாய் மில்லுக்கு வரும், ஆபீஸ்காரர்களுக்கு வீடுவீடாய்ப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நான் எழுந்து நின்றேன். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பது என் இஷ்டம். இந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தபோதெல்லாம் இன்ஸ்பெக்டர் கதவைத்தான் முதலில் தட்டினேன். ஒருநாள் எச்சில் கையோடு வந்து திறந்தார். "சோத்தை வச்சிட்டு வாங்க, தண்ணி வருது" என்றேன். குடைகூட எடுக்காமல் ஓடி, குளித்தவர்களையும் துவைத்தவர்களையும் கத்திக் கத்திக் கரையேற்றினார். போன வருஷம் உன் அப்பாவின் துண்டு மட்டும் கிடந்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உயிர்கூடப் போகவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. அவர் சம்சாரம் கடைக்கு வந்து, "மழை பெஞ்சாலே அவுக உறங்க மாட்டேங்காக, கதவு தட்டுத மாதிரியே இருக்குன்னு சொல்லுதாக" என்று அழுதாள். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ராயகிரிப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டாராம். விடுவேனா, ஆற்றங்கரைத் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, இவ்வளவு பொறுப்பான அதிகாரியை எங்களிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று கலெக்டருக்கு மனு கொடுத்தேன். மாற்றல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகையால் அரிவாள் நினைப்பை விடு. கம்பளியை மறக்காமல் போர்த்திக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி, நூறு வயசு நன்றாக இரு. ஊருக்கு வரும்போது அவரைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போ. அவர் பென்ஷன் வாங்க இன்னும் எத்தனையோ மழைக்காலம் இருக்கிறது.

உன் அம்மா
குருவம்மாள்