ராணியின் ஈரலில் பார்த்தது

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

அங்கேயும் மழை உண்டா அக்கா? இங்கே பட்டாபிராமில் மூன்று நாளாகத் தூறல். உங்கள் நாய் ராணி என் காலடியில் படுத்துத் தூங்குகிறாள். கனவில் யாரைத் துரத்துகிறாளோ, பின்னங்கால்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. நீங்கள் இருந்தபோது சொல்ல வாய் வராத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் ராணிக்கு வயிறு உப்பியது ஞாபகம் இருக்கிறதா? நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிது. உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபடியே வயிற்றைத் தடவிப் பார்த்து, "குட்டிதான் அக்கா" என்று சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் என்ற நினைப்பு எனக்கு. உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, மறுபடி சோதித்துப் பார்க்கவே தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ராணிக்கு வளைகாப்பே நடத்திவிட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் கொண்டுவந்தார்கள். கழுத்துப்பட்டையில் பச்சை வளையல் கட்டி, "எங்க ஊட்லயும் ஒரு பிரசவம் பாக்கப்போறோம்டி" என்று சிரித்தீர்கள். இரண்டு முறை கரு கலைந்தவர் நீங்கள்.

மூன்று வாரமாகியும் குட்டி வரவில்லை. நாலு படி ஏறவே ராணிக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்து, ஸ்கேன் வசதி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இருட்டறையில் திரை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. கருப்பையில் ஒன்றுமில்லை. வயிறெல்லாம் நீர். ஈரலுக்குள் ரத்தக்குழாய்கள் கருப்புக் கிளைகளாகத் தெரிந்தன. மூச்சை இழுக்கும்போது சுருங்க வேண்டியவை, சுருங்காமல் புடைத்து நின்றன. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோனால், திரும்பி வரும் ரத்தம் உள்ளே போக முடியாமல், ரயில்வே கேட் போட்டதும் சைக்கிள்கள் தேங்குவதுபோல ஈரலில் தேங்கிவிடும். ராணிக்குக் கோளாறு இதயத்தில்தான்.

ஸ்கேன் எடுத்தவர் பின்னாலேயே வெளியே போய்த் திரும்பி வந்து, "குட்டிங்க எங்கடி?" என்றீர்கள்.

"உள்ளயே கலைஞ்சிடுச்சு அக்கா. ஹார்ட் வீக்கா கீதுல்ல, அதான்."

பொய் அக்கா. குட்டியே இருந்ததில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் ராணியை மடியில் இழுத்துக்கொண்டு, "இவளும் என்ன மாதிரிதான்" என்று அழுதீர்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி அழுதேன். அண்ணன் ஃபேக்டரி சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"அவளுக்கு அன்னிக்கே தெரியும்மா. உன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே ஸ்கேன் எடுத்தவர்கிட்ட வெளிய தனியா கேட்டுகினா. 'புச்சா வேலைக்கு வந்த பொண்ணு, மனசு ஒடிஞ்சிடும், நீ வாயத் தொறக்காதே'ன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிகினா."

அப்படியானால் அன்று நீங்கள் அழுதது யாருக்காக? எல்லாம் தெரிந்தும், நான் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் ராணிக்குப் புகட்டி, "எங்க டாக்டரு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையடித்தீர்களே! எனக்குத் தாங்கவில்லை அக்கா.

இன்று காலை ராணிக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தேன். ஈரலின் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன. மூச்சோடு சேர்ந்து மெல்ல அசைகின்றன. இன்னும் எத்தனை நாள் இருப்பாளோ, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். தப்பு செய்தால் அங்கேயே, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். என் பொய்யைத் தெரிந்தே சுமக்க இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?

மன்னிப்பு கேட்கும் முன்பே மன்னித்துவிட்ட உங்களுக்கு,
உங்கள் தங்கை
பிரேமா